முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்

என் அம்பாசிடர் கார் ஒரே நேரத்தில் குழித்துறைப் பாலத்துக்குப் பக்கத்திலும் தோவாளை ரோட்டிலும் போலீசிடம் பிடிபட்டது. கவனியுங்கள், ஒரே நேரத்தில். நடுவே நாகர்கோவில் என்ற ஊர் முழுசாகக் கிடக்கிறது. கார் ஒன்று, போலீஸ் இரண்டு கூட்டம், இரண்டு இடத்திலும் எஞ்சின் சூடு ஆறவில்லை. உலகத்தில் எந்த வண்டிக்கும் கிடைக்காத இந்தப் பேறு, சாயம் போன சீட்டுள்ள என் கிழட்டு வண்டிக்குக் கிடைத்தது.

இதை எங்கள் சபையில் சொன்னபோது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவி நேசபாயைத்தான் பார்த்தார்கள். அது அங்கே வழக்கம். உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், ஜெபதாஸ். பள்ளிக்கூடம் என் விசிலைத்தான் திரும்ப வாங்கிக்கொண்டது, வாயை விட்டுவிட்டது. நான் ஒரு சம்பவம் சொல்லி முடிப்பேன். ஆட்கள் நேசபாயின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தலையை இடவலமாக ஆட்டுவாள். எல்லாரும் சிரித்துக்கொண்டு காபி குடிக்கப் போவார்கள். ஆட்டி ஆட்டித்தான் அவளுக்குக் கழுத்து வலி வந்தது என்று டாக்டரிடம் சொன்னேன். அதற்கும் ஆட்டினாள்.

இந்தக் காரியத்துக்கு ஆட்டினாளா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் பாலத்துக்கு வாருங்கள்.

முந்தின நாள்தான் என் தங்கை மகன் அபினேஷுக்குக் கல்யாணம். மறுநாள் காலையில் அவன் குவைத்துக்குப் பறக்க வேண்டும். ஏன் இந்த அவசரம் என்றால், விசாவில் உள்ளே நுழைய அன்றுதான் கடைசி நாள். ஏசி மெக்கானிக் வேலை. இரண்டு வருடம் ஏஜெண்டுகளின் வாசலில் காய்ந்து கிடந்து வாங்கியது. அன்று விமானம் தவறினால் விசா செத்தது. வேலை அடுத்தவனுக்குப் போகும். கம்பெனிக்காரன் போனில் இதைச் சொல்லிச் சொல்லி அபினேஷுக்கு மணமேடையிலேயே வியர்த்தது. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தால் வியர்த்தது என்று நினைத்தார்கள். கூட்டமும் லேசுப்பட்டதல்ல, மூன்று மாவட்டம் காலியாகி வந்திருந்தது.

ஆக, நான் வண்டி ஓட்டுகிறேன். அபினேஷ் என் பக்கத்தில். பின்னால் புதுப்பெண் பெமிலா, கையில் மருதாணி சிவப்பு மாறாமல், மடியில் அவனுடைய கைப்பையை வைத்துக்கொண்டு இருக்கிறாள். திருவனந்தபுரம் வரைக்கும் வந்து வழியனுப்ப வேண்டும் என்பது அவள் ஆசை. கல்யாணம் ஆகி அவர்கள் தனியாகப் பேசியது அந்தக் காருக்குள் மட்டும்தான். அதிலும் பாதி நேரம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

குழித்துறைப் பாலத்துக்குச் சற்று முன்னால் போலீஸ் சோதனை. கேரளாவுக்கு ரேஷன் அரிசி கடத்துகிறவர்கள் போலி நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு வாரமாக வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். லிபின் என்ற இளம் கான்ஸ்டபிள் எங்கள் வண்டியின் முன்பக்க நம்பரைக் கையில் இருந்த மெஷினில் தட்டினான். கல்யாணச் சந்தனம் காயாத முகங்களைப் பார்த்தான்.

"போங்க, போங்க" என்றான்.

நான் கியரைப் போட்டேன். வண்டி நாலு முழம்கூட நகர்ந்திருக்காது. பின்னாலிருந்து ஒரு விசில்.

முப்பது வருடம் விசில் ஊதினவன் சொல்கிறேன், அப்படி ஒரு விசிலை நான் கேட்டதில்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிற்று. என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது.

வந்தது ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர். நெஞ்சில் சபிதா என்று பெயர். எனக்கு மனதுக்குள் ஒரு தைரியம். இந்த வயசுப் போலீசில் பாதிப் பேர் என் முன்னால் அட்டென்ஷனில் நின்றவர்கள்.

"மோளே, நீ எந்த ஸ்கூல்ல படிச்சே?" என்றேன்.

"மேடம்னு கூப்பிடுங்க சார். நான் கான்வென்ட்ல படிச்சேன். வண்டிய ஓரத்துல விடுங்க."

அபினேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மேடம், பிளைட்டுக்குப் போறோம். அந்தச் சார் போகச் சொல்லியாச்சே. இப்பம் என்ன காரணத்துக்கு நிறுத்துகீங்க?"

"யூனிபார்ம்ல நிக்குத போலீசு கை காட்டினா வண்டி நிக்கணும். நிண்ண பொறவுதான் காரணம். கேட்டதுனால சொல்லுகேன். பெரியவரே, இறங்கி முன்னால வாங்க. நம்பர வாசிங்க."

இறங்கினேன். வாசித்தேன். கடைசி நாலு எண் 6302.

"இப்பம் பின்னால வந்து வாசிங்க."

பின்னால் 4417. அதுதான் என் வண்டியின் நம்பர். முன்னால் இருப்பது என் சகலை யேசுரத்தினத்தின் நம்பர்.

ஆற்றங்காற்று அடித்தும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் அம்பாசிடரும் சகலையின் அம்பாசிடரும் ஒரே வெள்ளை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டி ஒன்று, பெண் வண்டி ஒன்று என்று இரண்டையும் நானே நின்று பாலிஷ் போட வைத்தேன். வண்டிக்குப் பூ ஜோடிக்க வந்த வினோஜ், முன்பக்க நம்பர் பிளேட்டை இரண்டிலும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 'அபினேஷ் – பெமிலா' என்று தெர்மோகோல் போர்டு மாட்டினான். எங்கள் பக்கத்தில் எல்லாக் கல்யாண வண்டிக்கும் செய்வதுதான். அவனிடம் நான், "எலே வினோஜ், செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் இதுல எது எவனுக்குள்ளதுன்னு சொல்லிக்கிட மாட்டான்" என்று பெருமை அடித்தேன். பயல் என் வாக்கை அப்படியே நம்பிவிட்டான். விருந்து முடிந்து ஆள் கலைகிற சந்தடியில் பிளேட்டை எடுத்தான், கைக்கு வந்ததைக் கைக்கு வந்த வண்டியில் முடுக்கினான்.

இதை நான் சபிதா மேடத்திடம் சொன்னேன். வெறுமனே சொல்லியிருந்தால் போதும். என் வாய் வெறுமனே எதைச் சொல்லியிருக்கிறது? மூன்று மாவட்டக் கூட்டம், யானை உயரப் பூமாலை எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

"ரெண்டு வண்டி, ரெண்டு நம்பர், ஒரு கல்யாணம். நல்லா இருக்கு கத" என்றார் மேடம். "டிக்கில என்ன இருக்கு?"

"ஒரு கோட்டை அரிசி" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், வாய் தானாகச் சொன்னது. ஒரு கோட்டை என்றால் மூட்டைக் கணக்கு, உள்ளே இருந்தது அரைச் சாக்கு. கல்யாணச் சமையலில் மிஞ்சியது. பாறசாலையில் என் அக்கா இடுப்பெலும்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறாள், கல்யாணத்துக்கு வரவில்லை. போகிற வழியில் கொடுக்கலாம் என்று ஏற்றியது. ஆனால் பாறசாலை கேரளாவில் இருக்கிறது. அரிசி டிக்கியில் இருக்கிறது. முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்.

"மாமா, வாய மூடுங்க மாமா" என்றான் அபினேஷ். குரல் அழுகிறாற்போல இருந்தது.

லிபின் டிக்கியைத் திறந்து சாக்குக்குள் கையை விட்டான். "மேடம், அரிசிதான்!" என்று புதையல் எடுத்தவனைப் போலக் கூவினான். சபிதா மேடம் கையை நீட்டினார். நான் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். அந்தச் சாவி அவர் சட்டைப் பைக்குள் போனபோது பெமிலா காரை விட்டு இறங்கினாள்.

"மேடம், அந்த அரிசிய எடுத்துக்கிடுங்க. வண்டியயும் எடுத்துக்கிடுங்க. இவங்கள மட்டும் விடுங்க. இண்ணைக்கு உள்ள போகலன்னா விசா போச்சு."

"கடத்தல் வண்டின்னா உள்ள இருந்த ஆளயும் சேத்துத்தான் மோளே கேஸ். எனக்க இடத்துல நீ நிண்ணா விடுவியா?"

பெமிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேஸ் என்று எழுதினால் விமானம் மட்டுமல்ல, பாஸ்போர்ட்டும் முடங்கும். அபினேஷ் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தான். திருவனந்தபுரம் போகிற வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"சரி. அந்த இன்னொரு வண்டி இப்பம் எங்க?" என்றார் மேடம்.

சகலை என் மனைவியை ஏற்றிக்கொண்டு தோவாளைக்குப் போயிருந்தார், பூக்கடையில் இரவல் வாங்கிய கூடைகளைத் திருப்பிக் கொடுக்க. சகலைக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாணத்தில் ஜெபத்துக்கு முன்னால் போனை ஊமையாக்கியவர் இன்னும் மாற்றவில்லை. நேசபாய்க்குப் போட்டேன். எங்கள் காரின் பின்சீட்டில் இருந்தே மணி அடித்தது. நேற்றைய பையோடு அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

லிபின் சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. ஜீப்புக்குப் போய் வயர்லெஸ் மைக்கை எடுத்தார்.

"வெள்ளை அம்பாசிடர். முன்பக்கம் 4417. தோவாளை பக்கம். பாத்தா நிறுத்தவும்."

பிறகு காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் என் தலையில் மிச்சமிருந்த கறுப்பு முடியும் வெளுத்துவிட்டது. பெமிலா அபினேஷின் பக்கத்தில் போய் நின்றாள். கைப்பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. "மேடம், 4417 இங்க நிறுத்தியாச்சு. வெள்ளை அம்பாசிடர். பெரியவர் ஒருத்தர், ஒரு அம்மா. பின்னால வேற நம்பர் இருக்கு மேடம்."

இதோ, நான் சொன்ன அந்த நேரம் இதுதான். குழித்துறையில் என் 4417 நிற்கிறது. தோவாளையிலும் என் 4417 நிற்கிறது.

நான் மகிழ்ந்து, "பாத்தேளா!" என்றேன். ஆனால் சபிதா மேடத்தின் முகம் இன்னும் இறுகிவிட்டது. "ரெண்டு வண்டிலயும் கள்ள நம்பரு. அப்பம் இது ஒரு ஆளு செய்யுத காரியம் இல்ல, கும்பலு" என்றார் லிபினிடம்.

வெந்த புண்ணில் வேல் என்ன, கடப்பாரையே இறங்கியது. மேடம் தோவாளையில் நின்ற போலீஸ்காரரின் செல்லுக்குப் போட்டு, சத்தமாக வைத்து, அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"அம்மா, ஜெபதாஸ்ங்கது உங்களுக்கு யாரு?"

"எனக்க மாப்பிள்ளதான். என்ன செய்தாவ?" என்றாள் நேசபாய். எடுத்த எடுப்பில் என்ன செய்தாவ!

"நேத்து கல்யாணத்துல ரெண்டு வண்டிக்கும் நம்பர் பிளேட்டு மாறிப்போச்சுன்னு சொல்லுகாரு."

"அவியளா சொல்லுகாவ?"

"ஆமா."

"அப்பம் நம்பாதீங்க."

அபினேஷ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் போனை நோக்கிப் பாய்ந்தேன். "ஏட்டி நேசம்! நான்தான். எனக்காக வேண்டாம், நம்ம பயலுக்காகக் கேளு. அவனுக்கு பிளைட்டு போயிரும். கீழ இறங்கி முன்னாலயும் பின்னாலயும் நம்பரப் பாரு!"

"சும்மா இருங்க, ஊரையே பதற வைக்கது இவியளுக்கு ஒரு பழக்கம். மேடம், நான் எனக்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுகேன். கேட்டதச் சொல்ல மாட்டேன்."

கார்க்கதவு திறக்கிற சத்தம் போனில் கேட்டது. செருப்புச் சத்தம். நேசபாய் எதையும் அவசரமாகப் பார்க்கிறவள் அல்ல. மீன் வாங்கினால் ஒவ்வொரு செதிலாகத் தூக்கிப் பார்ப்பாள். பாலத்தில் நாங்கள் எல்லாரும், லிபின் உட்பட, அந்தப் போனை வெறித்துக்கொண்டு நின்றோம். ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அபினேஷ் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"மேடம், முன்னால 4417. பின்னால 6302."

"முன்னால உள்ளது உங்க வண்டிக்குள்ளதுதான்னு எப்படி நிச்சயம்? பிளேட்டு யாரும் அடிச்சு மாட்டலாமே?"

நான் முந்திக்கொண்டேன். "அடையாளம் உண்டு மேடம். எனக்க பிளேட்டுல இடது மூல மடங்கி இருக்கும். பேச்சிப்பாறைக் காட்டுல ஒத்த யானை வந்து..."

"யானையா!" போனுக்குள் இருந்து நேசபாயின் குரல் பாலத்தைத் தாண்டிக் கேட்டது. "மேடம், யானையும் இல்ல, பூனையும் இல்ல. எங்க வீட்டு கேட்டுல இவியளே கொண்டுபோய் இடிச்சது. கேட்டுக்க பச்சை பெயிண்டு இப்பமும் அந்த மூலையில ஒட்டியிருக்கு. சுரண்டிப் பாக்கேன். ஆமா, பச்சைதான்."

தோவாளைப் போலீஸ்காரர் போனை வாங்கினார். "உள்ளதுதான் மேடம். மடங்கியிருக்கு. பச்சை பெயிண்டு இருக்கு. வண்டிக்குள்ள முழுக்கப் பூக்கூடை. ஒரு தெர்மோகோல் போர்டும் கிடக்கு, 'அபினேஷ் பெமிலா'ன்னு."

சபிதா மேடம் பெமிலாவின் கையில் இருந்த மருதாணியைப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அவர் உதடு கொஞ்சம் அசைந்தது.

"கடத்தல் இல்ல. சரி" என்றார். அபினேஷ் எழுந்தான். "ஆனா வண்டிய விடமாட்டேன். ரெண்டு நம்பரோட இது இந்தப் பாலத்தத் தாண்டினா அந்தக் கரையில வேற ஸ்டேஷன்காரன் நிறுத்துவான், களியக்காவிளையில இன்னொருத்தன் நிறுத்துவான். அங்க எல்லாம் இந்த அம்மாவக் கூப்பிடுவியளா?"

"அப்பம் பயல்?" என்றேன்.

மேடம் ரோட்டின் நடுவே போய் நின்று வருகிற வண்டிகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு பஸ் போனது, விட்டார். இரண்டு கார் போயின, விட்டார். எனக்குப் பிடிபடவில்லை. பிறகு தூரத்தில் ஒரு பழைய டவேரா வந்தது. கூரைமேல் பெட்டிகள், அதன்மேல் நீலப் பிளாஸ்டிக், அதைச் சுற்றிக் கயிறு. எங்கள் மாவட்டத்தில் பச்சைக் குழந்தையும் சொல்லும், அப்படிப் பெட்டி கட்டின வண்டி எங்கே போகிறதென்று.

மீண்டும் அந்த விசில். இரண்டாவது முறையாகக் கொக்கு எழும்பிற்று.

டிரைவர் எல்லாக் காகிதங்களையும் ஜன்னல் வழியாக நீட்டினார். உள்ளே கடற்கரை ஆட்கள். குளச்சலில் இருந்து மகனைச் சவுதிக்கு அனுப்பப் போகிறவர்கள்.

"காகிதம் ஒண்ணும் வேண்டாம். ஏர்போர்ட்டுக்குத்தானே?"

"ஆமா மேடம். நாங்க ஒரு தப்பும்..."

"ஒரு ஆளுக்கு ஒதுங்க இடம் உண்டா? நேத்து கல்யாணம் ஆன பய. இண்ணைக்கு விசா முடியுது."

உள்ளே இருந்த பெரியவர் சூசை, மகனை ஒரு இடி இடித்து நகரச் சொன்னார். "ஒரு ஆளுக்கு உண்டு மேடம். ரெண்டு பேருக்கு இல்ல."

ஒரு ஆளுக்கு. பெமிலா அதைக் கேட்டாள். ஏர்போர்ட் வாசலில் நடக்க வேண்டியது குழித்துறை ரோட்டோரத்தில் நடந்தது, லிபின் அபினேஷின் பெட்டியை எங்கள் டிக்கியில் இருந்து எடுத்து டவேரா கூரையில் கட்டுகிற நேரத்துக்குள். கைப்பையைக் கொடுத்தாள். அவன் என்னவோ சொன்னான். அவள் தலையசைத்தாள். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. இதைத்தான் என் மனைவி இன்றுவரை நம்ப மறுக்கிறாள்.

டவேரா பாலத்தைத் தாண்டி வளைந்து மறைந்தது.

அதன்பிறகு எங்களுக்கு வேலை இல்லை, காத்திருப்பதைத் தவிர. நேசபாய் வருகிற வரைக்கும் வண்டி நகராது. அவள் பஸ் பிடித்து வந்து இறங்கினாள், கையில் ஒரு வாழை இலைப் பொட்டலம். உள்ளே பிச்சிப்பூவும், பூவுக்கு நடுவில் என் நம்பர் பிளேட்டும். சகலையின் வண்டி முன்பக்கம் மொட்டையாகத் தோவாளையில் காவலுக்கு நின்றது. அவருடைய பிளேட்டை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவருக்கு விடுதலை.

லிபின் ஸ்குரூ டிரைவரோடு குனிந்தான். நேசபாய் பூவைப் பெமிலாவின் தலையில் வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"போன் வந்துதா?" என்று கேட்டாள் பெமிலாவிடம்.

"இல்ல மாமி."

சபிதா மேடம் சாவியைத் தந்தார். அபராதத்துக்கு எழுதியதையும் தந்தார். பிறகும் ஜீப்பில் ஏறாமல் அங்கேயே நின்றார். வண்டிகள் வந்தன, போயின. அவர் கை காட்டவில்லை. பெமிலாவின் போன் கையில் இருந்து ஒரு துள்ளு துள்ளியது. அவள் பார்த்தாள். மேடத்திடம் நீட்டினாள். விமானத்தின் ஜன்னல், இறக்கையில் ஒரு துண்டு, ஓரத்தில் அபினேஷின் பாதி மூக்கு.

"ஏறியாச்சு" என்றார் மேடம் லிபினிடம், ஏதோ வயர்லெஸ்ஸில் தகவல் சொல்வதுபோல. ஜீப் கிளம்பிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, வேப்பமரத்தடியில், நான் ஆரம்பத்தில் உங்களுக்குச் சொன்ன அதே முதல் வாக்கியத்தோடு கதையை எடுத்தேன். கொக்கு, விசில், கோட்டை அரிசி, ஒத்த யானை, ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் எல்லாரும் நேசபாயைத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர்கூடப் பார்த்தார். சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தார்கள்.

நேசபாயின் தலை ஒரு பக்கமாகப் போனது. மறுபக்கம் வரவில்லை. அப்படியே நின்றது.

"யானை பொய்" என்றாள். "அரிசி அரைச் சாக்கு. மூணு மாவட்டமும் வரல." சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "மத்தது... நானே தோவாளையில நிண்ணேன். சவம், நடந்ததுதான்."